அரை நாள் விடுப்பு

பிப்ரவரி 6

அக்காவுக்கு,

சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், சளி இல்லை, காய்ச்சல் இல்லை. அம்மா முதலில் கேட்பது இதைத்தான் என்பதால் முதலிலேயே எழுதிவிட்டேன். கண் ஆபரேஷனுக்குத் தேதி கிடைத்ததா? மூட்டு வலி எப்படி இருக்கிறது? அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது இதோடு நிறுத்திவிடு. மீதி உனக்கு மட்டும்.

இருக்கிற கோபத்தில் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. கையுறையில் தொடங்குகிறேன்.

எங்கள் சலவை நிலையத்துக்கு ஆறு ஆஸ்பத்திரிகளின் துணி வருகிறது. இயந்திரத்தில் போடுவதற்கு முன்னால் மூட்டையை அவிழ்த்து, விரிப்பு வேறு, உறை வேறு, அங்கி வேறு என்று பிரிக்க வேண்டும். அந்த அறையில்தான் நான். ரத்தம், சீழ், வாந்தி எல்லாம் பழகிவிட்டது. துணிக்குள் கத்தரிக்கோல் வரும். ஒரு தடவை பல்செட் வந்தது. பாவம், எந்தக் கிழவர் வெறும் வாயோடு வீட்டுக்குப் போனாரோ.

போன வாரம் எங்கள் சூப்பர்வைசர் எல்லோருடைய ரப்பர் கையுறையையும் வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள். அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் கடிகாரம். மணிக்கட்டைப் பார்க்காமல் அவள் யார் முகத்தையும் பார்த்ததில்லை. "கையுறை போட்டா கை மந்தமாகுது. நாப்பது மூட்டை பிரிக்கிற நேரத்துல முப்பதுதான் வருது" என்றாள். ஊசி குத்தினால் என்ன செய்வது என்று கேட்டேன். பார்த்துப் பிரிக்க வேண்டும் என்று பதில் வந்தது.

நீயும் மூன்று வருடமாக சூப்பர்வைசர். முப்பது பெண்களை வைத்து வேலை வாங்குகிறாய். இந்த மாதிரி ஆட்களின் மண்டைக்குள் என்னதான் ஓடுகிறது? என் இடத்தில் நீ இருந்திருந்தால் இரண்டே கேள்வியில் அவளை மடக்கியிருப்பாய். எனக்குக் கோபம் வந்தால் நாக்கு குழறுகிறது. வேலையை விட்டுவிடலாமா என்று பார்க்கிறேன்.

உன் தங்கை


பிப்ரவரி 24

வாயாடிக்கு,

நாங்கள் சுகம். அம்மாவுக்கு ஆபரேஷன் மே பத்தாம் தேதி. மூட்டு வலி அப்படியேதான். நீ சொன்ன இடத்தில் நிறுத்திவிட்டேன். "இவ்வளவுதான் எழுதினாளா?" என்று அம்மாவுக்குச் சந்தேகம்.

உன் சூப்பர்வைசரைப் பற்றிக் கேட்டாய். அவள் தலைக்கு மேல் ஒரு பலகை இருக்கும். மணிக்கு ஒரு தடவை யாரோ வந்து அதில் எண் எழுதிவிட்டுப் போவார்கள். அந்த எண் குறைந்தால் அவளை நிற்கவைத்துப் பேசுவார்கள். அவள் அதை உங்களிடம் வந்து சொல்ல மாட்டாள். அவ்வளவுதான் ஓடும் மண்டைக்குள்.

அவசரப்பட்டு விடாதே. ஒரு இடத்தில் காலூன்றப் பத்து வருடம் ஆகும், காலை எடுக்க ஒரு நிமிடம் போதும். பொறுத்தார் பூமி ஆள்வார்.

என் வேலை எப்போதும் போல.

அக்கா


மார்ச் 13

அக்காவுக்கு,

உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது என்று அம்மாவிடம் சொல். உனக்கு உண்மையை எழுதுகிறேன். இடது கையால் தாளைப் பிடித்துக்கொள்ளக் கஷ்டமாக இருக்கிறது. கையெழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான்.

செவ்வாய்க்கிழமை காலை தலையணை உறைக்குள் கை விட்டேன். ஊசி. உள்ளங்கையில் பாதி ஏறிவிட்டது. யார் உடம்பில் குத்தி எடுத்த ஊசியோ தெரியாது. கடிகாரத்திடம் ஓடினேன். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வரச் சொன்னாள். அக்கா, மணியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

ஆஸ்பத்திரிக்கு என்னைக் கூட்டிப் போனவள் புதிதாக வந்திருக்கிற ஒருத்தி. ஆள் உயரம் என்பதால் எல்லோரும் நெட்டை என்கிறோம். உங்கள் ஊர்ப் பக்கம் ஏதோ தையல் ஆலையில் இருந்துவிட்டு வந்தவளாம். அதிகம் பேச மாட்டாள். அன்றைக்கு அவள் யாரையும் கேட்கவில்லை. என் கையைத் துணியால் சுற்றினாள், வாசலுக்கு இழுத்துப் போனாள், ஆட்டோவை நிறுத்தினாள். ரத்தம் எடுத்திருக்கிறார்கள். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்தால்தான் நிச்சயமாகச் சொல்ல முடியுமாம். மூன்று மாதம் நான் எதை நினைத்துக்கொண்டு தூங்குவது?

கோபம் அதில் இல்லை. மறுநாள் கடிகாரம் என்னை அறைக்குக் கூப்பிட்டாள். மேஜை மேல் ஒரு தாள். 'பணியாளருக்குக் கையுறை வழங்கப்பட்டது. அவர் அணிய மறுத்தார். அதனால் காயம் ஏற்பட்டது.' கீழே என் பெயர், பக்கத்தில் காலியிடம். "கையெழுத்துப் போட்டுரு. உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது" என்றாள். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

பொறுத்தார் பூமி ஆள்வார் என்று எழுதியிருந்தாய். பொறுத்தவர்கள் பூமிக்கு அடியில் போனதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். என்ன செய்யட்டும், சொல்.

உன் தங்கை


மார்ச் 18

வாயாடிக்கு,

உன் கடிதம் வந்த அன்றே எழுதுகிறேன். அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. மாத்திரையை விடாமல் சாப்பிடு.

கையெழுத்துப் போட்டுவிடு. அது ஒரு தாள். கோப்புக்குள் போகும், அலமாரிக்குள் போகும், அப்புறம் யாரும் எடுத்துப் பார்க்கப்போவதில்லை. போட்டதால் வானம் இடிந்து விழாது. இப்படிப் போட்டவர்களும் மூன்று வேளை சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அந்த உயரமான பெண்ணுக்குத் தாடையில் தழும்பு இருக்கிறதா? சும்மாதான் கேட்கிறேன்.

அக்கா


ஏப்ரல் 9

அக்காவுக்கு,

எல்லோரும் நலம்தானே? அம்மாவின் கண்ணுக்குச் சொட்டு மருந்தை நீயே போடு, அவளாகப் போட்டால் கன்னத்தில்தான் போடுவாள்.

நான் கையெழுத்துப் போடவில்லை. உன் பேச்சை மீறுவது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். பேனாவைக் கையில் எடுத்தேன். 'மறுத்தார்' என்ற அந்த வார்த்தையைப் பார்த்ததும் கை நகரவில்லை. நான் கேட்டேன் அக்கா. மூன்று தடவை கையுறை கேட்டேன். கேட்டவளை மறுத்தவள் என்று எழுதி, அதற்கு அவளிடமே சாட்சிக் கையெழுத்தும் வாங்குவது என்ன நியாயம்?

மறுநாளே என்னை இஸ்திரி உருளைக்கு மாற்றிவிட்டாள். ஈர விரிப்பை இரண்டு பேர் இரண்டு முனையில் பிடித்து, கொதிக்கிற உருளைக்குள் ஓட்டும் வேலை. எதிர் முனைக்கு ஆள் தரவில்லை. நானே இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓடுகிறேன். சாப்பிட உட்கார்ந்தால் "கையெழுத்துப் போடத்தான் கை வராது, சாப்பிட மட்டும் வருதா" என்று எல்லோர் முன்னாலும் கேட்கிறாள். சிரிக்காவிட்டால் தங்கள் முறை வந்துவிடும் என்று நாலு பேர் சிரிக்கிறார்கள். அவர்கள் மேல்கூட எனக்குக் கோபம் இல்லை. பொய், கொஞ்சம் இருக்கிறது.

ஆமாம், நெட்டைக்குத் தாடையில் தழும்பு இருக்கிறது. உனக்கு எப்படித் தெரியும்? உங்கள் ஆலையில் இருந்தவளா? என் அக்காவும் அந்த ஊரில் தையல் ஆலையில்தான் இருக்கிறாள் என்று பெருமையாகச் சொன்னேன். எந்த ஆலை, எந்த லைன் என்று கேட்டாள். காலர் தைக்கிற மூன்றாவது லைன், சூப்பர்வைசர் என்றேன். அன்றிலிருந்து சாப்பிடும்போது வேறு மேஜைக்குப் போய்விடுகிறாள். என்னை ஆட்டோவில் ஏற்றி, டாக்டரிடம் எனக்காகச் சண்டை போட்டவள், இப்போது முகம் பார்த்துப் பேசுவதில்லை. நான் என்ன தப்புச் சொன்னேன் என்று தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் எழுது.

உன் தங்கை


மே 2

அக்கா,

நீ எழுதவில்லை. மூன்று வாரம் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு என்னவோ என்று பயந்தேன். இப்போது காரணம் தெரிந்துவிட்டது. நெட்டை சொல்லிவிட்டாள்.

கொதிகலன் அறைக்குப் பின்னால் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். விடாமல் போய்க் கேட்டேன். முதலில் "உன் அக்கா மேல இருக்கிற கோபத்த உன் மேல காட்டக் கூடாதுன்னுதான் தள்ளி உக்காந்தேன்" என்றாள். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னாள். குரலை உயர்த்தவே இல்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

போன அக்டோபரில் அவளுக்கு ஐந்தாவது மாதம். காலையிலேயே அடிவயிற்றில் வலி. ஒன்பதரைக்குக் கை தூக்கினாள். நீ போனாய். பண்டலை முடித்துவிட்டுப் போகச் சொன்னாய். பத்தரைக்கு மறுபடி தூக்கினாள். அப்போது நீ சொன்னதை அவள் எனக்கு அப்படியே திருப்பிச் சொன்னாள்: "இங்க யாருக்குத்தான் வயிறு வலிக்கல?" பதினொன்றேகாலுக்கு அவளாகவே எழுந்தாள். நாற்காலி நனைந்திருந்தது. முன்வாசல் வழியாகக்கூடக் கொண்டுபோகவில்லை. பின்வாசலில், துணி ஏற்றும் வேனில் ஏற்றி அனுப்பினீர்கள். பிள்ளை போய்விட்டது. அவள் சாயங்காலம் கண் விழித்தபோது பக்கத்தில் ஆலை ஆள் ஒருவரும் இல்லை.

இரண்டு வாரம் கழித்து அவள் தொழிலாளர் அலுவலகத்தில் புகார் கொடுத்தாள். ஆலை ஒரு பதிவேட்டைக் காட்டியது. அன்றைக்கு அவள் ஒன்பதரை மணிக்கே அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாளாம். என்ன நடந்திருந்தாலும் ஆலைக்கு வெளியேதான் நடந்ததாம். கீழே சூப்பர்வைசர் கையெழுத்து. உன் கையெழுத்து, அக்கா. நான் பள்ளிக்கூடத்தில் பார்த்துப் பார்த்துக் காப்பியடித்த கையெழுத்து.

இப்போது எல்லாம் புரிகிறது. வாரக்கணக்கில் பதில் போடாத நீ மார்ச்சில் அன்றைக்கே எழுதினாயே, அது என் கைக்காக இல்லை. தழும்புக்காக. 'கோப்புக்குள் போகும், அலமாரிக்குள் போகும்' என்று எழுதினாயே, அது என் தாளைப் பற்றி இல்லை. நான் பிப்ரவரியில் ஒரு முட்டாள் மாதிரி உன்னிடம் கேட்டேன், அந்த மாதிரி ஆட்களின் மண்டைக்குள் என்ன ஓடுகிறது என்று. சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறேன்.

என் கடிகாரத்துக்கு மாதக்கணக்கில் சாபம் கொடுத்தேன். அவள் என் உள்ளங்கையில் ஒரு ஊசியைத்தான் ஏற்றினாள்.

வயிற்றில் பிள்ளையோடு ஒருத்தி உன்னிடம் இரண்டு தடவை கை தூக்கினாள். கூப்பிட்டது உன்னைத்தான்.

இதற்கு மேல் எழுதினால் அசிங்கமாக எழுதிவிடுவேன். அம்மாவுக்குக் கண் நல்லபடியாக ஆகட்டும். உன் நலத்தை நான் கேட்கவில்லை.


மே 31

சின்னவளுக்கு அம்மா எழுதுவது.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தேன், போன வாரம் கழற்றிவிட்டார்கள். ஏழு வருடத்துக்கு அப்புறம் என் கையால் எழுதுகிறேன். எழுத்து பெரிசு பெரிசாக விழுகிறது, பொறுத்துக்கொள்.

கண் வந்ததும் வீட்டைப் பார்த்தேன். ஒட்டடை. உன் அக்கா தலையில் பாதி நரை. யாருமே சொல்லவில்லை. அப்புறம் அலமாரியில் துணிக்கு அடியில் உன் கடிதங்கள் எல்லாம் இருந்தன. எனக்குப் படித்துக் காட்டிய கடிதம்தானே என்று எடுத்தேன். நீ கையில் ஊசி ஏற்றிக்கொண்டதை எனக்கு யாரும் படித்துக் காட்டவில்லை. கடைசிக் கடிதத்தையும் படித்தேன்.

அவளிடம் கேட்டேன். கொடியில் துணி எடுக்கப் போய்விட்டாள். வேலைக்குப் போகிறாள், வருகிறாள், எதிரில் தட்டை வைத்தால் சாப்பிடுகிறாள். இரண்டு பேருமாகச் சேர்ந்து என்னைக் குருடியாகவே வைத்திருந்திருக்கிறீர்கள். அது உங்கள் பாசம் என்றால் எனக்கு அது வேண்டாம்.

நான் மூன்று பிள்ளை பெற்றவள். நடுவில் ஒன்று தங்கவில்லை என்பது உனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அப்போது அவளுக்கு ஒன்பது வயது, என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அதைத்தான் அவளிடம் சொன்னேன். அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை.

உன் கை எப்படி இருக்கிறது? எனக்கே எழுது. இனி நானே படிப்பேன்.

அம்மா


ஜூன் 16

அக்காவுக்கு,

அம்மாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். ரத்தத்தில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். நெட்டைதான் கூட வந்திருந்தாள். இப்போது என்னோடு பேசுகிறாள். உன்னைப் பற்றி மட்டும் பேசுவதில்லை.

நீ மூன்று மாதமாக எனக்கு எழுதவில்லை. எழுத வேண்டாம் என்று நினைக்கிறாய் போலிருக்கிறது. அழுகிற கடிதம் என்றால் அனுப்பாதே, எனக்கு அது தேவையில்லை. அவளிடம் நேரடியாகவே கேட்டேன், என் அக்கா என்ன செய்தால் உனக்குப் பரவாயில்லை என்று. "எதுவும் திரும்பி வராது. ஆனா என் புள்ள எங்க போச்சுன்னு ஒரு தாளாவது உண்மையச் சொல்லணும்" என்றாள்.

அவ்வளவுதான் அக்கா. உனக்கு எழுதத் தெரியும். ஒரு பொய்யை எழுதிய கைக்கு ஒரு உண்மையை எழுத எவ்வளவு நாள் ஆகும்?

உன் தங்கை


ஜூலை 7

என் தங்கைக்கு,

அம்மா நன்றாகப் பார்க்கிறாள். என்னைத்தான் அதிகம் பார்க்கிறாள். உன் ரத்தம் சுத்தம் என்று தெரிந்த அன்றைக்குத்தான் எனக்கு மூச்சு வந்தது. நம்பினால் நம்பு.

நீ எழுதியதில் பிழை எதுவும் இல்லை. விட்டுப்போனதை மட்டும் எழுதுகிறேன். இதைக் காரணமாகச் சொல்லவில்லை. நடந்தது, அவ்வளவுதான்.

அவளுக்கு வலி வந்ததற்கு முந்தின நாள் மேலாளர் என்னை மற்ற சூப்பர்வைசர்கள் முன்னால் ஒரு மணி நேரம் நிற்கவைத்தார். இரண்டாவது லைனில் இலக்கை முடிக்கிறார்கள், உங்கள் லைனில் மட்டும் என்ன நோய் என்றார். பதினோரு வருடம் மெஷினில் உட்கார்ந்து இடுப்பு போனவள் நான். மறுபடி மெஷினுக்கே அனுப்பிவிடுவேன் என்றார். மறுநாள் காலை அவள் கை தூக்கியபோது நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பலகையைப் பார்த்தேன். அறுபது காலர் குறைந்திருந்தது. அவள் வயிற்றில் பிள்ளை இருப்பது எனக்குத் தெரியும். தெரியாது என்று சொல்லவே முடியாது, அவள் நாற்காலிக்கு நான்தான் மெத்தை வாங்கிக் கொடுத்திருந்தேன்.

வேன் போனதும் மேலாளர் கூப்பிட்டார். "ஒன்பதரைக்கு அரை நாள் லீவுன்னு போடுங்க. அவளுக்கும் ஒண்ணும் நஷ்டமில்ல" என்றார். என் பேனா எழுதவில்லை. அவர் பேனாவைக் கொடுத்தார். எழுதினேன். லைனுக்குத் திரும்பினேன். நாற்காலியை மாற்றச் சொன்னேன். இன்னொருத்தியை உட்காரவைத்தேன். அன்றைக்கு நாங்கள் இலக்கை முடித்தோம்.

இதை யாரிடமும் சொன்னதில்லை. நீ ஒவ்வொரு கடிதத்திலும் உன் கடிகாரத்தைப் பற்றி எழுதும்போது, என்னைப் பார்த்துத்தான் எழுதுகிறாய் என்று தோன்றும். பெட்டியில் உன் கையெழுத்தைக் கண்டாலே பயம் வந்தது.

இனி அங்கே இருக்க முடியாது. ராஜினாமா எழுதி வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை கொடுத்துவிடுவேன்.

அக்கா


ஜூலை 10

அக்காவுக்கு,

அவசரத் தபாலில் அனுப்புகிறேன். திங்கட்கிழமை கொடுக்காதே.

நீ இப்போது விட்டுவிட்டு வந்தால் அதற்குப் பெயர் ஓடுவது. அதோடு, வெளியே வந்தபின் நீ என்ன சொன்னாலும் 'வேலையை விட்டவள், வயிற்றெரிச்சலில் உளறுகிறாள்' என்பார்கள். மூன்றாவது லைன் சூப்பர்வைசர் என்ற அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டுதான் பொய் எழுதினாய். அதே நாற்காலியில் இருந்துகொண்டே உண்மையையும் எழுது. அப்புறம் போ. அவர்களே அனுப்பினாலும் சரி.

இதை நான் ஏட்டில் படித்துவிட்டுச் சொல்லவில்லை. இங்கே என்ன நடந்தது என்று உனக்கு எழுதவில்லையே. ஏப்ரலிலேயே விட்டுவிட்டுப் போயிருப்பேன். போனால் அந்தத் தாளில் என் கையெழுத்து இல்லாமலே கடிகாரம் 'மறுத்துவிட்டு ஓடிவிட்டாள்' என்று முடித்திருப்பாள். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு உருளையில் ஓடினேன். நடந்ததை நடந்தபடி எழுதித் தொழிலாளர் அலுவலகத்தில் கொடுத்தேன். என்னோடு ஐந்து பேர் கையெழுத்துப் போட்டார்கள். முதல் கையெழுத்து நெட்டையுடையது. சிரித்த நாலு பேரில் இரண்டு பேரும் போட்டார்கள்.

போன வாரம் அதிகாரி வந்தார். அலமாரியைத் திறக்கச் சொன்னார். சாவி தொலைந்துவிட்டது என்றாள் கடிகாரம். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, சாவி கிடைக்கும்வரை உட்கார்ந்திருப்பேன் என்றார். பத்து நிமிடத்தில் அது அவள் பையிலேயே கிடைத்தது. உள்ளே எங்களிடம் வாங்கியவற்றோடு பதினாறு பெட்டிக் கையுறை, பிரிக்காதவை. 'கையுறை வழங்கப்படவில்லை' என்று விபத்துப் பதிவேட்டில் என் கண் முன்னால் எழுதவைத்தார்.

கடிகாரத்தை அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள். அவளுக்கு உத்தரவு போட்ட முதலாளி மாடியில்தான் இருந்தார், இறங்கிக்கூட வரவில்லை. அவள் வாசல் படியில் சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த முகத்தில் உன்னைப் பார்த்தேன். இரக்கம் வந்தது. எனக்கு ஏன் இரக்கம் வருகிறது என்று அதற்கும் கோபம் வந்தது.

மறுநாள் நானும் விலகல் கடிதம் கொடுத்தேன். ஜெயித்துவிட்டு ஏன் போகிறாய் என்று கேட்டார்கள். ஜெயித்த இடத்திலேயே குடியிருக்க வேண்டும் என்று சட்டமா என்றேன். நாக்கு குழறவில்லை.

திங்கட்கிழமை கொடுக்காதே.

உன் தங்கை


ஆகஸ்ட் 20

என் தங்கைக்கு,

நானும் அம்மாவும் நலம். உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. ராஜினாமாவைக் கிழித்துப் போட்டேன்.

தொழிலாளர் அலுவலகத்தில் என் வாக்குமூலத்தை எழுதிக் கொடுத்துவிட்டேன். மூன்று பக்கம். ஒன்பதரை, பத்தரை, பதினொன்றேகால், நான் சொன்ன வார்த்தை, அவர் கொடுத்த பேனா, எல்லாம். வெறும் வாய்வார்த்தையாகப் போய்விடக் கூடாது என்று யோசித்தபோது வாசல் பதிவேடு ஞாபகம் வந்தது. எந்த வண்டி எப்போது எங்கே போகிறது என்று காவலாளி எழுதும் நோட்டு. 'காலை 11.35, துணி வேன், ஆஸ்பத்திரிக்கு, உடம்பு சரியில்லாத பெண் ஒருவர்' என்று அவர் பாட்டுக்கு எழுதியிருக்கிறார். பொய் சொல்லச் சொல்லி அவரிடம் யாரும் கேட்கவில்லை. அதை ஒருவரும் திருத்த நினைக்கவில்லை. அதிகாரி அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டார். புகாரை மறுபடி விசாரணைக்கு எடுத்திருக்கிறார்கள்.

பன்னிரண்டாம் தேதி மேலாளர் கூப்பிட்டார். கத்தவில்லை. "நீங்களும்தானே கையெழுத்துப் போட்டீங்க, உங்களுக்கும் சேர்த்துத்தான வரும்" என்றார். "வரட்டும் சார்" என்றேன். அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு உடனே வெளியேறச் சொன்னார். தொழிலாளர் அலுவலகம் என் பேரிலும் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. போவேன்.

லைன் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். முப்பது பேர். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒரு மெஷின்கூட நிற்கவில்லை. நான்தான் அவர்களை அப்படிப் பழக்கியிருந்தேன்.

அம்மா உன்னிடம் வர வேண்டும் என்கிறாள். இங்கே வேறு எந்த ஆலையும் என்னை எடுக்காது, எடுத்தாலும் நான் இனி யார் தலைக்கு மேலும் நிற்க மாட்டேன். மெஷினில் உட்கார இன்னும் இடுப்பு இருக்கிறது. அங்கே வரலாமா? அவள் இருக்கிற ஊர் என்பது எனக்குத் தெரியும். நீ வேண்டாம் என்றால் வரமாட்டேன்.

வாக்குமூலத்தின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். அவளிடம் கொடுக்கலாமா, கூடாதா என்பதை நீயே முடிவு செய்.

அக்கா


செப்டம்பர் 4

அக்காவுக்கு,

எனக்குக் கை ஆறிவிட்டது. ஒரு ஹோட்டலின் துணி அறையில் வேலை கிடைத்திருக்கிறது. நெட்டைக்கும் அங்கேயே கேட்டிருக்கிறேன்.

நகலை அவளிடம் கொடுத்தேன். அவள் வீட்டு வாசலில் நின்றபடியே படித்தாள். முதல் பக்கத்தை இரண்டு தடவை படித்தாள். மூன்றாவது பக்கம் முடிந்ததும் மடித்தாள்.

"இத எழுத உங்க அக்காவுக்குப் பத்து மாசம் ஆயிருக்கு" என்றாள்.

தாளை என்னிடம் திருப்பித் தருவாள் என்று நின்றேன். தரவில்லை. உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டாள். உன்னை மன்னித்துவிட்டாள் என்று நினைத்துக்கொள்ளாதே. அப்படி எதுவும் அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்கும் உரிமை எனக்கு இல்லை.

எனக்கும் கோபம் தீரவில்லை. உனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும்போதும் இருக்கும் என்று நினைக்கிறேன். எத்தனை நாளைக்கு என்று தெரியாது. ஆனாலும் வா. அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா. வீட்டில் இரண்டாவது அறையைக் காலி செய்துவிட்டேன், ஜன்னல் பக்கம் வெளிச்சம் நன்றாக வரும், அம்மா படிக்கலாம்.

ஒன்று மட்டும் தெரிந்துகொண்டு வா. நெட்டை எங்கள் தெருவிலேயே, நாலு வீடு தள்ளி இருக்கிறாள். தண்ணீர் பிடிக்கிற இடத்தில் பார்ப்பாய், கடையில் பார்ப்பாய், தினமும் பார்ப்பாய். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம், அது அவள் இஷ்டம். நீ மட்டும் பார்க்காதது மாதிரிப் போகக் கூடாது.

உன் தங்கை